பூக்கும் நேரத்தில் தண்ணீர் இல்லை. யூரியாவைக் கூட்டினால் ஈடாகுமா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள பாகான் செராய் வட்டாரத்திலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். வயது 36. செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் மண்டோர், அதாவது மேற்பார்வையாளர், வேலை. மாமனார் இறந்த பிறகு மாமியார் பெயரில் உள்ள ஐந்து ஏக்கர் நெல் வயலை இரண்டு வருடமாக இவர்தான் பார்த்துக்கொள்கிறார். நேரடி விதைப்பு, எம்.ஆர். 297 ரகம். முந்தைய பருவத்தில் ஐந்து ஏக்கரிலும் சேர்த்து 9 டன் கிடைத்திருக்கிறது. போன பருவத்தில் ஆறரை டன்தான். அதில் பாதிக் கதிர் மணி பிடிக்காத பதர் என்று ஆலையில் சொல்லிக் கழித்திருக்கிறார்கள்.

சலுகையில் கிடைத்த உரம், 480 கிலோ கலப்பு உரமும் 160 கிலோ யூரியாவும், முறைப்படி போட்டிருக்கிறார். அதற்கு மேல் கைக்காசில் 50 கிலோ யூரியா மூட்டை நான்கு வாங்கி, விதைத்த 31-ஆம் நாள் இரண்டும் 68-ஆம் நாள் இரண்டுமாக வீசியிருக்கிறார். முதல் தடவை வயல் வெடிப்பு விட்டுக் காய்ந்து கிடந்ததாம். ஒன்பது நாள் கழித்துத்தான் தண்ணீர் வந்தது. அப்புறம் 74-ஆம் நாளிலிருந்து 86-ஆம் நாள் வரை வாய்க்காலில் தண்ணீரே இல்லை.

அவருடைய கேள்விகளைச் சுருக்கினால் இவ்வளவு: தண்ணீர் குறையும் பருவத்தில் யூரியாவை இன்னும் கூட்டினால் விளைச்சலைக் காப்பாற்றலாமா? பம்பு வாங்கலாமா? "இரவில் மேல் மதகைக் கொஞ்சம் தூக்கிவிட்டால் என்ன" என்று பக்கத்து வயல்காரர் சொல்கிறார், செய்யலாமா? இல்லை, நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் தோட்ட வேலையோடு நின்றுவிடலாமா? மாமியார் எப்போதும் முழங்கால் அளவு தண்ணீர் நிற்க வேண்டும் என்கிறார், அவர் சொல்வது சரியா?

தம்பி, நீங்கள் தேதிகளைக் குறித்து வைத்திருந்தது எனக்குப் பெரிய உதவி. பெரும்பாலானவர்கள் "போன மாதம் ஏதோ ஒரு நாள்" என்றுதான் எழுதுவார்கள். உங்கள் நோட்டில் உள்ள 31, 68, 74, 86 என்ற நான்கு எண்களிலேயே உங்கள் விளைச்சல் எங்கே போனது என்பது முக்கால்வாசி தெரிந்துவிடுகிறது.

எத்தனை நாள் என்பதைவிட எந்த நாள்

உங்கள் ரகம் விதைத்து அறுக்க 110 முதல் 120 நாள் ஆகும். பூத்தது முதல் முற்றுவது வரை ஏறக்குறைய 30-32 நாள். அதைப் பின்னோக்கி எண்ணினால் உங்கள் வயல் பூத்தது 78-க்கும் 88-க்கும் நடுவில். தண்ணீர் வராத நாட்களும் கிட்டத்தட்ட அவைதான்.

நெல்லின் ஒவ்வொரு பூவும் ஒரே ஒரு தடவைதான் திறக்கும். காலை ஒன்பது பத்து மணி வாக்கில் உமி விரியும், மகரந்தம் கொட்டும், ஒன்றிரண்டு மணி நேரத்தில் மூடிக்கொள்ளும். ஒரு கதிர் மேலிருந்து கீழாகப் பூத்து முடிக்க ஒரு வாரம் போல ஆகும். அந்த வாரத்தில் வேருக்குத் தண்ணீர் இல்லாவிட்டால் கதிர் உறையை விட்டு முழுதாக வெளியே வராது. வந்தாலும் மகரந்தப் பை சரியாக வெடிக்காது. அந்தப் பூ பதர்தான். 87-ஆம் நாள் நீங்கள் வயலைக் குளமாக்கியிருந்தாலும் மூடிய பூ மறுபடி திறந்திருக்காது.

இதையே உங்கள் பயிர் 40-ஆம் நாள் அனுபவித்திருந்தால் இவ்வளவு அடி விழுந்திருக்காது. தூர் (பக்கத் தண்டுகள்) கட்டும் பருவத்தில் ஒரு வாரம் காய்ந்தால் தூர் கொஞ்சம் குறையும், பிறகு பயிர் ஓரளவு தேறிக்கொள்ளும். "இந்தப் பருவம் மொத்தத் தண்ணீர் குறைவு" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் ஏற்கவில்லை. மொத்தத்தில் பெரிய குறை இல்லை. தண்ணீர் குறைந்தது அந்த 13 நாளில்தான்.

அந்த 13 நாளுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டியிருந்தது தெரியுமா? நம் ஊர் வெயிலில் முழு வளர்ச்சி பெற்ற நெல் வயல் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் அளவுக்குத் தண்ணீரை ஆவியாக விடும். களிமண் என்பதால் கசிவு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் என்று வையுங்கள். பதின்மூன்று நாளுக்கு 8 சென்டிமீட்டர் போல வருகிறது. ஒரு சாண்கூட இல்லை! 73-ஆம் நாள் உங்கள் வயலில் 10 சென்டிமீட்டர் தண்ணீர் நின்று, வரப்பு அதைக் கசியாமல் பிடித்திருந்தால், வாய்க்கால் வறண்ட நாட்களை அந்தப் பயிர் தானே கடந்திருக்கும். "வரப்பில் எலி வளை, நண்டு வளை நிறைய, ராத்திரியில் தண்ணீர் இறங்கிவிடுகிறது" என்று கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் கடிதத்திலேயே முக்கியமாகப் பட்டது. அடுத்த பருவத்தில் யூரியாவுக்கு வைத்திருக்கும் பணத்தில் முதல் செலவு அந்த வரப்புக்கு ஆகட்டும்.

நான்கு மூட்டை யூரியா போன வழி

செம்பனையில் இன்று போடும் உரம் குலையில் முழுதாகத் தெரிய ஒன்றரை இரண்டு வருடம் ஆகும். அதனால் ஒரு வாரம் முன்னே பின்னே ஆவதைத் தோட்டத்தில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. உங்கள் கை அந்த வேலைக்குப் பழகிய கை. நெல்லுக்கு மொத்த வாழ்நாளே 115 நாள்தான், அங்கே ஒரு வாரம் பெரிய விஷயம்.

முதலில் கணக்கு. கலப்பு உரத்தில் தழைச்சத்து (நைட்ரஜன்) 17.5 விழுக்காடு என்றால் 480 கிலோவில் 84 கிலோ. யூரியாவில் 46 விழுக்காடு. சலுகை யூரியாவில் 74 கிலோ, நீங்கள் வாங்கிய 200 கிலோவில் இன்னும் 92 கிலோ. மொத்தம் 250 கிலோ. ஐந்து ஏக்கர் என்பது 2 ஹெக்டர், ஆக ஹெக்டருக்கு 125 கிலோ. ஒரு டன் நெல் விளைய பயிர் எடுத்துக்கொள்ளும் தழைச்சத்து 15 முதல் 20 கிலோதான், அதிலும் ஒரு பெரிய பங்கை மண்ணே கொடுத்துவிடும். உங்களுக்குக் கிடைத்தது ஹெக்டருக்கு மூன்றேகால் டன். உரம் குறைந்ததால் விளைச்சல் குறைந்தது என்று சொல்ல இந்தக் கணக்கில் வழியே இல்லை.

31-ஆம் நாள் போட்டதைப் பார்ப்போம். காய்ந்த மண்ணின் மேல் கிடக்கும் யூரியா இரவுப் பனியில் கரைந்து அமோனியாவாக மாறும். மூடி வைக்காத அமோனியா காற்றில் போய்விடும். மண்ணுக்குள் இறங்கிய மிச்சம், வெடிப்பு வழியாகக் காற்று புகுந்த அந்த ஒன்பது நாளில் நைட்ரேட்டாக மாறியிருக்கும். அதற்கு மேல் நீங்கள் தண்ணீரைத் தேக்கினீர்கள். காற்றில்லாத சேற்றில் நுண்ணுயிர்கள் அந்த நைட்ரேட்டை உடைத்து நைட்ரஜன் வாயுவாக்கி மேலே அனுப்பிவிடும். காய்ந்தபோது ஒரு இழப்பு, நனைந்தபோது இன்னொரு இழப்பு. நெல் வயலில் போடும் தழைச்சத்தில் பயிருக்குப் போய்ச் சேருவது பொதுவாகவே 30 முதல் 40 விழுக்காடுதான். உங்கள் முதல் இரண்டு மூட்டையில் அதுவும் சேர்ந்திருக்காது என்று நினைக்கிறேன்.

68-ஆம் நாள் போட்ட இரண்டு மூட்டை வேறு கதை. அது பயிருக்குள் போனது. வயல் "பச்சைப் பசேல் என்று ஆனது, சந்தோஷப்பட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் கதிரில் எத்தனை மணி என்பது 50-ஆம் நாளை ஒட்டி, தண்டுக்குள் கதிர் உருவாகும்போதே முடிவாகத் தொடங்கிவிடும். 68-இல் போட்டது மணியைக் கூட்டவில்லை, இலையைத்தான் கொழுக்க வைத்தது. கொழுத்த இலை தண்ணீரை அதிகம் செலவழிக்கும், ஆறு நாள் கழித்துத் தண்ணீர் வரத்தும் நின்றுவிட்டது! மூலையில் பயிர் சாய்ந்ததும், தண்டின் அடியில் பாம்புத் தோல் மாதிரித் திட்டு வந்ததும் இதோடு சேர்ந்தவை. அந்தத் திட்டு இலையுறைக் கருகல். தழைச்சத்து மிஞ்சிய வயலை அதுவும் குலை நோயும் புகையான் பூச்சியும் தேடி வரும்.

ஆகவே முதல் கேள்விக்குப் பதில்: கூடாது. தண்ணீர் குறையும் பருவத்தில் யூரியாவைக் குறைக்கத்தான் வேண்டும். வேர் உறிஞ்சுவது தண்ணீரில் கரைந்த உரத்தை. தண்ணீர் இல்லாத இடத்தில் உரம் பசிக்கும் வயிற்றுக்கு முன்னால் பூட்டி வைத்த அரிசிப் பானை.

சலுகை உரத்திலேயே உங்களுக்கு ஹெக்டருக்கு 79 கிலோ தழைச்சத்து வந்துவிடுகிறது. அதற்கு மேல் நான்கு மூட்டை வேண்டாம்; ஐந்து ஏக்கருக்கும் சேர்த்து ஒரு மூட்டை கையில் வைத்திருங்கள், அதையும் பயிர் கேட்டால் மட்டும் போடுங்கள். கேட்கிறதா என்று அறிய இலை வண்ண அட்டை இருக்கிறது. பத்துச் செடியில் முழுதாக விரிந்த கடைசி இலையைப் பறிக்காமல், உங்கள் உடம்பு நிழலில் வைத்து அட்டையோடு ஒப்பிடுங்கள். ஆறு இலைக்கு மேல் 3-ஆம் எண்ணைவிட வெளிறியிருந்தால் போடலாம். 15-20 நாளில் முதல் உரம், 30-35 நாளில் அடுத்தது, 50-ஐ ஒட்டிக் கடைசி. 55 நாளுக்குப் பிறகு யூரியாப் பையை அவிழ்க்காதீர்கள்.

போடும் முறையும் முக்கியம். நின்ற தண்ணீரை வற்றவிட்டு, சேறு ஈரமாக இருக்கும்போது வீசி, அன்றைக்கோ மறுநாளோ தண்ணீர் விடுங்கள். தண்ணீர் உரத்தை மண்ணுக்குள் இழுத்துக்கொண்டு போகும். தண்ணீர் வரும் நாள் உறுதியாகத் தெரியாவிட்டால் மூட்டையைக் கட்டியே வையுங்கள். ஒரு வாரம் தாமதமாவது ஒன்பது நாள் வெயிலில் காய்வதைவிட நல்லது.

காய்ச்சலும் பாய்ச்சலும்

மாமியார் சொல்வதில் பாதி சரி. விதைத்த முதல் 20 நாளில் தண்ணீர் கட்டுப்பாடு தவறினால் களை நெல், காற்று நெல் என்று மலாய்க்காரர்கள் சொல்வது, வயலைப் பிடித்துவிடும். நேரடி விதைப்பில் அதைப் பிறகு பிரித்தெடுக்க முடியாது. பூப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து ஒரு வாரம் பின்பு வரைக்கும் 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல் தண்ணீர் நிற்க வேண்டும். இந்த இரண்டு கட்டத்திலும் வயல் காயக் கூடாது என்ற அளவில் மாமியார் பேச்சைக் கேளுங்கள். ஆனால் நடுவில் முழங்கால் தண்ணீர் தேவையில்லை. ஆழமான தண்ணீரில் தூர் குறையும், கசிவும் கூடும்.

நடுவில் என்ன செய்வது? தமிழ்நாட்டு விவசாயிகள் காய்ச்சலும் பாய்ச்சலும் என்பார்கள். பிலிப்பைன்ஸில் உள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையம் அதற்கு ஒரு எளிய அளவுகோலைப் பரப்பியது. நாலு அங்குல பி.வி.சி. குழாய் 30 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டுங்கள். ஒரு பாதியில் சுற்றிலும் இரண்டு சென்டிமீட்டருக்கு ஒன்றாகச் சிறு துளைகள் போடுங்கள். துளையுள்ள பாதி, அதாவது 15 சென்டிமீட்டர், மண்ணுக்குள் போகும்படி அடித்து இறக்கி, உள்ளே உள்ள சேற்றைக் கையால் அள்ளிவிடுங்கள். அடி மண் தெரிய வேண்டும். வரப்பிலிருந்து எட்டிப் பார்க்கும் தூரத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் மூன்றாம் நாளிலிருந்து யாரும் போய்ப் பார்க்க மாட்டார்கள்.

மேலே மண் தெரிந்தாலும் குழாய்க்குள் தண்ணீர் இருக்கும். அது 15 சென்டிமீட்டர் ஆழம் வரை இறங்கட்டும், வேருக்கு எட்டும். அதற்குக் கீழே போகும் முன் மறுபடி 5 சென்டிமீட்டர் தண்ணீர் தேக்குங்கள். 2017-இல் 56 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வில், இந்த எல்லையைத் தாண்டாத வயல்களில் விளைச்சல் சொல்லும்படி குறையவில்லை, தண்ணீர்ச் செலவு ஏறத்தாழ 23 விழுக்காடு குறைந்தது. எல்லை மீறிக் காயவிட்ட வயல்களிலோ விளைச்சலே ஏறக்குறைய 23 விழுக்காடு போனது. வெடிப்பு விட்ட உங்கள் 31-ஆம் நாள் வயல் இரண்டாவது வகை.

உங்கள் களிமண்ணில் கசிவு ஏற்கெனவே குறைவு என்பதால் மிச்சம் அந்த அளவுக்கு வராமல் போகலாம். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. கடலோரச் சதுப்பைத் திருத்திய நிலமாக இருந்து, வடிகாலில் துருநிறத் தண்ணீர் கசிவதைப் பார்த்திருந்தால், அடியில் கந்தக மண் இருக்கலாம். அதை ஆழமாகக் காயவிட்டால் அமிலம் கிளம்பும். வேளாண் அலுவலகத்தில் மண்ணைக் கொடுத்துப் பார்க்காமல் அங்கே இந்த முறையைத் தொடங்காதீர்கள்.

மதகு, பம்பு, குத்தகை

இரவில் மதகைத் தூக்கும் யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள். பாசனப் பகுதிகளுக்கென்று 1953-இலிருந்து சட்டம் இருக்கிறது. அனுமதியில்லாமல் பாசனக் கட்டமைப்பில் கை வைப்பது குற்றம். அதைவிட என்னை உறுத்துவது, நீங்கள் எடுக்கும் அந்த ஒரு இரவுத் தண்ணீர் வாய்க்கால் கடைசியில் உள்ள ஒருவரின் பூக்கும் வயலுக்குப் போக வேண்டியது. உங்கள் தண்ணீர் வருவது 1906-இல் கட்டிய புக்கிட் மேரா ஏரியிலிருந்து. மலேசியாவின் மிகப் பழைய செயற்கை ஏரி அது. வயலுக்கும் குடிநீருக்கும் சேர்த்துப் பங்கிட வேண்டியிருக்கிறது, மழை பொய்த்தால் பங்கு குறையத்தான் செய்யும். உங்கள் வாய்க்காலைச் சேர்ந்த ஏழெட்டுப் பேராக, அவரவர் விதைத்த தேதியையும் பூக்கும் வாரத்தையும் ஒரு தாளில் எழுதி, பருவத் தொடக்கத்திலேயே பாசன அலுவலகத்தில் கொடுங்கள். "தண்ணீர் வேண்டும்" என்று கேட்பதைவிட "78 முதல் 88 வரை வேண்டும்" என்று கேட்பவருக்குப் பதில் சொல்வது அவர்களுக்கும் எளிது. எல்லோரும் ஒரே வாரத்தில் விதைத்தால் இன்னும் நல்லது, புகையானும் குறையும்.

பம்பைப் பற்றி: ஐந்து ஏக்கரில் 5 சென்டிமீட்டர் நிறுத்த ஆயிரம் கன மீட்டர், அதாவது பத்து லட்சம் லிட்டர் வேண்டும். மூன்று அங்குல பம்பு மணிக்கு 60 கன மீட்டர் இறைத்தாலே அதிகம். ஒரு தடவை நனைக்கப் பதினேழு மணி நேரம் ஓட வேண்டும். பருவம் முழுக்க அப்படி ஓட்டினால் எண்ணெய்ச் செலவு கட்டுப்படியாகாது. பூக்கும் இரண்டு வாரத்துக்கு மட்டும் என்றால் யோசிக்கலாம், அதற்கும் மூன்று நான்கு பேர் சேர்ந்து வாங்குவதுதான் என் ஆலோசனை. வடிகாலிலிருந்து எடுப்பதாக இருந்தால் முதலில் உப்பு இருக்கிறதா என்று சோதியுங்கள். கடல் பக்கத்துப் பாரிட்டில் (வடிகால் வாய்க்காலில்) வறட்சி நேரத்தில் உப்பு ஏறியிருக்கும், பூக்கும் நெல் அதைத் தாங்காது.

குத்தகைக்கு விடுவது தோல்வி இல்லை, தம்பி. தோட்டத்தில் காலை ஆறு மணிக்குப் பெயர் கொடுத்துவிட்டு மதியத்துக்கு மேல் வயலுக்கு ஓடும் உங்கள் உடம்பையும் பார்க்க வேண்டும். ஆனால் ஒரு கெட்ட பருவத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். இன்னும் இரண்டு பருவம் பாருங்கள். விடுவது என்றானால் வாய்ப்பேச்சில் விடாதீர்கள். நெல் நிலக் குத்தகைக்கென்றே 1967-இல் வந்த தனிச் சட்டம் இருக்கிறது. நிலம் மாமியார் பெயரில் இருப்பதால் கையெழுத்து அவருடையது, முடிவும் அவருடையது. நில அலுவலகத்துக்கு அவரையும் அழைத்துக்கொண்டு போய், வாடகை, காலம், சலுகை உரம் யார் பெயரில் என்பதையெல்லாம் எழுத்தில் வையுங்கள்.

அடுத்த பருவத்தில் ஐந்து ஏக்கரையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். வரப்பை எல்லா இடத்திலும் சரிசெய்யுங்கள். பூக்கும் நேரத் தண்ணீரும் எல்லா இடத்திலும் நிற்கட்டும். குழாயும் குறைந்த யூரியாவும் மட்டும் மேட்டுப் பக்கத்து இரண்டு ஏக்கரில்.

அறுவடை இயந்திரம் இரண்டையும் கலந்து கொட்டிவிடும் என்பதால், அதற்கு முதல் நாள் ஒவ்வொரு பக்கத்திலும் ஓரத்தை விட்டு உள்ளே மூன்று இடத்தில் இரண்டு மீட்டருக்கு இரண்டரை மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் உள்ளதை அரிவாளால் அறுத்து, அடித்து, தூற்றி, நிறுத்துப் பாருங்கள். கிலோவை இரண்டால் பெருக்கினால் ஹெக்டருக்கு எத்தனை டன் என்று வரும்: இரண்டேகால் கிலோ என்றால் நாலரை டன். ஈரம் இருப்பதால் உண்மையான எடையைவிடக் கொஞ்சம் கூடத்தான் காட்டும், ஆனால் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட அது போதும். தூற்றும்போது பறக்கும் பதரையும் தனியாக ஒரு பையில் பிடித்து வையுங்கள். ஆறு எடையும், பூத்த தேதியும், குழாயில் நீங்கள் பார்த்த அளவுகளும் எழுதி அனுப்புங்கள். அதற்கடுத்த பருவத்தில் மற்ற மூன்று ஏக்கரை என்ன செய்யலாம் என்று அதை வைத்துச் சொல்கிறேன்.